மதுரையிலிருந்து கொடைக்கானல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பினதும் எங்கள் வீட்டு போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "கொடைக்கானல் போறோம், எப்பப் போகலாம், எங்க தங்கலாம், எத்தன இடம் பாக்கலாம்?" ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். முப்பது வருடமாக, வருடத்துக்கு ஒரு தடவையாவது மலையேறுகிறவன். நான் வழிகாட்டி இல்லை, ஓட்டல்காரனும் இல்லை.

கொடைக்கானலா, கோடைக்கானலா? எது சரி?

அரசுப் பலகையில் கொடைக்கானல். ஆகாசவாணியின் 100.5 பண்பலைக்குக் கோடை. கொடை என்று வைத்துக்கொண்டு 'காட்டின் பரிசு' என்று பொருள் சொல்லும் சுற்றுலாக் கையேடுகள் நிறைய உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புறநானூறு 205ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் கடிய நெடுவேட்டுவன் என்ற தலைவனை 'கோடைப் பொருந', அதாவது கோடைமலைத் தலைவா, என்று கூப்பிடுகிறார். அந்தக் கோடைமலை இதுதான் என்பது அறிஞர்கள் பலர் சொல்வது. பக்கத்துப் பழநிதான் பேகனின் பொதினி, மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை நடந்த நாடு. மயிலுக்கே குளிர்ந்திருக்கும் என்று ஒருவன் நினைத்தானே, இந்த மலையடிவாரத்து மார்கழிக் காற்றில் நின்றவனுக்குத்தான் அப்படித் தோன்றும். பேச்சில் எப்படிச் சொன்னாலும் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிடுவார்.

மதுரையிலிருந்து எவ்வளவு தூரம், எப்படிப் போவது?

சுமார் 120 கிலோமீட்டர். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஏறினால் நேராகப் போகும் பஸ் உண்டு. நான்கு மணி நேரம் ஆகும். வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று சமவெளியில் ஓடிவிட்டு, காட்ரோட்டில்தான் மலை ஆரம்பிக்கிறது. நேர் பஸ் கிடைக்கவில்லையென்றால் வத்தலக்குண்டு வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. வத்தலக்குண்டு சும்மா வண்டி மாறுகிற ஊர் இல்லை. சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர்.

ரயிலில் வரும் வெளியூர் சொந்தக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'கொடை ரோடு' என்று ஸ்டேஷன் பெயரைப் பார்த்ததும் மலை வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். அது அம்மையநாயக்கனூர். அங்கிருந்து மேலே இன்னும் 80 கிலோமீட்டர். 'ரோடு' என்றால் ரோடுதான், ஊர் இல்லை.

இ-பாஸ் கட்டாயமா?

ஆமாம். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசின் இணையதளத்தில் வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று நிரப்பினால் க்யூஆர் கோடு வரும். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4000 வண்டி, சனி ஞாயிறில் 6000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். வரம்பு மாறக்கூடியது, கிளம்பும் வாரம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. நான் பஸ்ஸைப் பரிந்துரைக்க இது ஒரு காரணம்.

5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் மலையில் கூடாது. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைப் பாதையில் வாந்தி வருமே?

வரும். எங்கள் அப்பத்தா இருந்தவரை ஏழு எலுமிச்சம்பழம் முந்தானையில் முடிந்துதான் பஸ் ஏறும். ஒவ்வொரு பெரிய வளைவுக்கும் ஒன்றை நகத்தால் கீறி மூக்கருகில் பிடித்துக்கொள்ளும். பக்கத்து சீட்டுக்காரப் பிள்ளைக்கும் ஒன்று போகும். "கண்ண மூடாத சாமி, ரோட்டப் பாரு" என்று அது சொன்னது இன்றைக்கும் நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரே வைத்தியம். முன்பக்க சீட், தூரத்தைப் பார்க்கும் கண், காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். வத்தலக்குண்டில் வண்டி நிற்கும்போது பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பெருமாள்மலைக்கு முன்பே அவர்கள் யாரென்று பஸ் முழுக்கத் தெரிந்துவிடும். போனைக் குனிந்து பார்க்கவே கூடாது.

ஜன்னல் சீட் எந்தப் பக்கம் என்பதற்காகச் சண்டை வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் பள்ளம் பக்கம் மாறிக்கொண்டேயிருக்கும்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது?

டம்டம் பாறை. மலைப்பாதையில் ஏறும் வழியில் வரும் அந்த வளைவிலிருந்து எதிர்ச் சரிவில் தலையாறு அருவி தெரியும். 297 மீட்டர். நம் மாநிலத்திலேயே மிக உயரமானது. தூரத்திலிருந்து பார்த்தால் பாறையில் யாரோ சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி இருக்கும். அதனால்தான் எலிவால் அருவி என்றும் பெயர். அது மஞ்சளாற்றின் தண்ணீர், மஞ்சளாறு வைகையில் சேர்கிறது. மேலே வெள்ளிநீர் வீழ்ச்சி இருக்கிறது, ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால், ரோட்டோரத்திலேயே. சுமார் 55 மீட்டர். கொடைக்கானல் ஏரியின் உபரிநீர்தான் அங்கே விழுகிறது. எல்லா வண்டியும் அங்கே நிற்கும், குரங்கும் அங்கேதான் இருக்கும். கையில் பிஸ்கட் பாக்கெட் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

இந்த ஊர் எப்படி உண்டானது? வெள்ளைக்காரன் கட்டியதா?

பாதி உண்மை. மலையில் நமக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். பழங்குடிகளான பளியர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. ஊர் என்று இப்போது நாம் பார்ப்பது வந்த கதை வேறு, அது மதுரையில்தான் தொடங்குகிறது.

1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற சர்வேக்காரர் மேலே ஏறி அளந்தார். அப்புறம் கொஞ்ச காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1830களில் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் பாதிரியார்களும் அவர்கள் குடும்பங்களும் காய்ச்சலிலும் காலராவிலும் அடுத்தடுத்துச் செத்தார்கள். முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். மலேரியாவிலிருந்து தப்ப அந்த உயரம் போதவில்லை. 1845இல் பழநிமலையின் மேல்பரப்பில் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதுதான் ஊரின் தொடக்கம். இந்தியாவின் மலைவாசத் தலங்களில் பெரும்பாலும் ஆங்கிலேயர் தொடங்கினவை, இது அமெரிக்கர்கள் தொடங்கியது.

ஏரியும் மதுரைச் சம்பந்தம்தான். 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் சதுப்பாகக் கிடந்த இடத்தில் கரை போட்டு உண்டாக்கியது அது. படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. கடலில் ஓட வேண்டியது மாட்டுவண்டியிலும் தலைச்சுமையிலும் 7000 அடி ஏறியிருக்கிறது. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. எங்கள் அப்பாவின் பழைய பத்திரங்களில் எல்லாம் 'மதுரை ஜில்லா' என்றுதான் இருக்கும்.

அந்தக் காலத்தில் எப்படி ஏறினார்கள்?

அம்மையநாயக்கனூரில் ரயில் இறங்கி, மாட்டுவண்டியில் ராத்திரி முழுக்கப் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து மலை. துரைமாரும் துரைசானிகளும் டோலியில். டோலியைத் தூக்கியவர்கள் நம் ஆட்கள். அந்த நடைபாதைக்கு 'கூலி காட்' என்றே பெயர். ஊரைக் கட்டின கல், பியானோ, கட்டில் எல்லாம் அவர்கள் தோளில் ஏறியவை. அவர்கள் பெயரில் ஊரில் ஒரு தெரு கிடையாது. கோக்கர் என்ற லெப்டினன்ட்டுக்கு நடைபாதை, பிரையண்ட் என்ற வன அதிகாரிக்குப் பூங்கா, இப்போது நாம் போகும் சாலைக்கும் மேஜர் லா பெயர்தான். அதில் மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியது முதல் உலகப்போர்க் காலத்தில்தான்.

கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் பழைய நடைவழி இன்னும் இருக்கிறது. வெள்ளகவிக்காரர்கள் ஊருக்குள் செருப்புப் போடமாட்டார்கள், நீங்களும் கழற்றிவிடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் ஏறவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது.

எப்போது போவது நல்லது?

சீசன் என்றால் ஏப்ரல், மே. நான் அப்போது போவதில்லை. ஒரு மே மாதச் சனிக்கிழமை பெருமாள்மலையில் நின்ற வண்டி ஊருக்குள் நுழைய நாலு மணி நேரம் ஆனது. முன்பணம் கட்டியிருந்த ஒரு விடுதியில் "ரூம் இல்ல சார், பக்கத்துல ஏற்பாடு பண்றோம்" என்று சொல்லி, கழிவறைக் கதவு மூடாத ஒரு அறைக்கு அனுப்பினார்கள். பெயர் சொல்லிப் பயனில்லை, சீசனில் பல இடத்திலும் இதே கதைதான்.

ஜூலை, ஆகஸ்டில் மூடுபனியும் சாரலும் இருக்கும், காட்சி தெரியாது, ஆனால் மலை பச்சையாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும், மண் சரிவும் உண்டு. டிசம்பர் கடைசி வாரம் மீண்டும் கூட்டம். என் கணக்கில் ஜனவரிப் பொங்கல் கூட்டம் கலைந்தபிறகு பிப்ரவரி முழுவதும், ஒரு செவ்வாய், புதன், வியாழன். வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். ராத்திரி குளிர் எலும்பைத் தொடும். மதுரையில் வாங்கின மெல்லிசு ஸ்வெட்டரை நம்பாதீர்கள். குழந்தைகளுக்குக் குல்லா, பெரியவர்களுக்குக் காலுறை. அவ்வளவு போதும், மெத்தையையே கட்டிக்கொண்டு வர வேண்டாம்.

'12 பாயிண்ட்' சுற்றிக்காட்டுகிறேன் என்கிறார்களே, போகலாமா?

பஸ் நிலையத்தில் இறங்கினதும் உங்கள் பையைப் பிடிக்காத குறையாக நான்கு பேர் வருவார்கள். பாயிண்ட் என்பதில் ஏரியும் வரும், யாரோ ஒருவரின் சாக்லேட் கடையும் வரும். ஒரு நாள்தான் இருக்கிறது, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் வண்டி பிடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஏறுவதற்கு முன் எந்தெந்த இடம், காத்திருப்புக்குப் பணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் இருப்பவர்களுக்கு வண்டி ஒரு நாளைக்குப் போதும்.

முதல் நாள் நடையாகவே முடிக்கலாம். காலை ஆறு மணிக்கு ஏரியைச் சுற்றுங்கள், ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தண்ணீர்மேல் ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும், குதிரைக்காரர்கள் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருப்பார்கள், அவித்த மக்காச்சோளக்காரர் அப்போதுதான் அடுப்பு மூட்டுவார். பத்து மணிக்கு அதே ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. பிறகு பக்கத்திலிருக்கும் பிரையண்ட் பூங்கா. மேயில் மலர்க் கண்காட்சி அங்கேதான். அதற்கப்புறம் கோக்கர்ஸ் வாக். 1872இல் மலை விளிம்பில் வெட்டிய, ஒரு கிலோமீட்டர்கூட வராத பாதை. எல்லோரும் கீழே பார்ப்பார்கள். பின்னாலிருந்து வெயிலும் முன்னால் பள்ளத்தில் மேகமும் ஒரே சமயம் அமைந்தால், மேகத்தின்மேல் உங்கள் நிழல் பெரிதாக விழும், தலையைச் சுற்றி வானவில் வட்டத்தோடு. முப்பது வருடத்தில் எனக்கு இரண்டு தடவை கிடைத்திருக்கிறது. பக்கத்திலிருந்தவரின் தலையைச் சுற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்கு என்னுடையது தெரியவில்லை. ஆளாளுக்கு அவரவர் வட்டம்தான்.

தூண் பாறை, குணா குகை?

இரண்டும் ஒரே ரோட்டில், ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். தூண் பாறை மூன்று கருங்கல் தூண்கள், 122 மீட்டர் உயரம். காலையில் போங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் வெள்ளைத் திரையைப் பார்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

குகைக்கு முன்பு 'டெவில்ஸ் கிச்சன்' என்று பெயர். 1991இல் வெளிவந்த 'குணா' படம் அங்கே எடுக்கப்பட்டதால் பெயர் மாறியது. 2024இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்துக்குப் பிறகு கூட்டம் சொல்லி மாளாது. பள்ளம் உண்மையிலேயே ஆளை விழுங்கக்கூடியது. கம்பி வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். வெளியே சோலை மரங்களின் வேர்கள் தரைக்கு மேல் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கும், என் பார்வையில் குகையைவிட அதுதான் அழகு. வேர்மேல் ஏறிக் குதித்துப் படம் எடுப்பவர்களால் பட்டை உரிந்துகிடக்கிறது.

சோலை என்கிறீர்களே, பைன் காடும் அதுவும் ஒன்றா?

இல்லை, நேர் எதிர். பைன், யூக்கலிப்டஸ், வாட்டில் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பைன் காட்டில் நின்று பாருங்கள், தரையில் ஊசியிலையைத் தவிர ஒன்றும் இருக்காது, பறவைச் சத்தமும் குறைவு. சோலை என்பது மலையின் மடிப்புகளில் ஒண்டிக்கொண்டிருக்கும் குட்டை மரக்காடு. மரமெல்லாம் பாசி, பெரணி. சுற்றிலும் புல்வெளி. மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவது இந்தப் புல்லும் சோலையும்தான். மஞ்சளாறும் வராக நதியும் இங்கே பிறந்து வைகைக்குப் போகின்றன. புல்வெளி பெரும்பாலும் மரத்தோட்டமாகிவிட்டது. 2013இல் இந்தக் காட்டை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள்.

காட்டுமாடு ஊருக்குள்ளேயே வரும். காட்டெருமை என்றும் சொல்வார்கள். கரிய உடம்பு, நான்கு காலுக்கும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். சாந்தமாகத்தான் மேயும், அதை நம்பிப் பக்கத்தில் போகாதீர்கள். சாயங்காலம் தெருவில் எதிரே வந்தால் உள்ளூர்க்காரர் என்ன செய்கிறாரோ அதையே செய்யுங்கள், சத்தமில்லாமல் பின்னால் நகருவார்.

குறிஞ்சிப் பூ பார்க்க முடியுமா?

2018இல் பூத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பதால் அடுத்தது 2030. நடுவில் "அங்க பூத்திருக்கு" என்று வாட்ஸப்பில் வருவது வேறு வகைக் குறிஞ்சியாக இருக்கலாம். பூ இல்லாவிட்டாலும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போங்கள். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி லீலாவதி, பிறப்பால் வெள்ளைக்காரர், 1936இல் கட்டியது. வானம் தெளிந்த நாளில் ஒரு பக்கம் பழநி மலையும் மறு பக்கம் வைகை அணையும் தெரியும்.

குழந்தைகளுக்கு உருப்படியாக ஏதாவது?

சூரிய ஆய்வகம். யாரும் கூட்டிப்போவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். 1876 தாது வருடப் பஞ்சத்தில் நம் பக்கம் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபின், சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கத்தான் இப்படி ஒன்று வேண்டும் என்றார்கள். 1899இல் நிறுவி, 1901 முதல் பார்க்கத் தொடங்கி, நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இங்கிருந்துதான் கண்டார். 'எவர்ஷெட் விளைவு' என்று உலகம் முழுக்கப் பாடத்தில் இருக்கிறது. உள்ளே எந்த நேரத்தில் விடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். செண்பகனூரில் இயேசு சபையினரின் இயற்கை அருங்காட்சியகமும் நன்றாக இருக்கும், பாடம் செய்த பறவை, பாம்பு, பூச்சி.

இரண்டாம் நாள் எங்கே போகலாம்?

பூம்பாறை. ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், உள்ளூர் பஸ் உண்டு. மேலே ரோட்டிலிருந்து பார்த்தால் படிப்படியாக வெட்டிய வயல், நடுவில் ஒட்டி ஒட்டி வீடுகள். குழந்தை வேலப்பர் கோயில் சிலையைப் போகர் செய்தது என்று ஊரார் சொல்வார்கள். இன்னும் தள்ளிப் போனால் மன்னவனூர்ப் புல்வெளி, ஆட்டுப்பண்ணை. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்து விடுவார்கள். பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான், அதனால் கெடுபிடி நியாயமே. வட்டக்கானல் பக்கம் டால்பின் மூக்குப் பாறை வரை இறங்கலாம், ஏறும்போது முட்டிக்கால் பேசும்.

என்ன வாங்கலாம்?

மலைப்பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறையிலேயே, விளைவிக்கிறவர் வீட்டுத் திண்ணையில் வாங்கினால் சந்தோஷம். கொத்தாகக் கட்டி அடுப்புப் புகையில் தொங்கவிட்டிருப்பார்கள், தோல் பழுப்பேறி லேசாகப் புகை மணக்கும். ஒரு பல்லை உரித்து நசுக்கிப் பாருங்கள். கண்ணில் தண்ணீர் வர வேண்டும். போன தடவை நான் விலையைக் குறைக்கக் கேட்டதற்கு அந்த வீட்டு அம்மா, "தம்பி, கீழ நீங்க பத்துப் பல்லு போடுற கொழம்புக்கு இது மூணு பல்லு போதும், இப்ப சொல்லுங்க யாரு நஷ்டம்?" என்றார். பேசாமல் ஒரு கிலோ வாங்கிவிட்டேன்.

சீசன் பழமான பிளம்ஸும் பேரிக்காயும் ரோட்டோரத்தில் வாங்கலாம், அடிப்பக்கப் பழத்தையும் எடுத்துப் பாருங்கள். 'ஹோம்மேட்' சாக்லேட்டை ருசி பார்த்து வாங்குங்கள், பல கடையில் மெழுகு மாதிரி ஒட்டும். தைல பாட்டில்களில் கலப்படம் அதிகம். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நல்ல தைலம் காய்ந்ததும் கறை வைக்காது.

இறங்கும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

சொந்த வண்டி என்றால் இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிக்காது. ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். இருட்டுவதற்கு முன் காட்ரோட்டைத் தொட்டுவிடுவது நல்லது. பஸ் என்றால் பெருமாள்மலை தாண்டினதும் காது அடைக்கும், எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். காட்ரோட்டில் ஜன்னல் வழியாகச் சூடான காற்று முகத்தில் அடிக்கும்போது, மேலே குல்லாவைக் கழற்றமாட்டேன் என்று அழுத குழந்தை தானாகவே அதைப் பிடுங்கி எறியும். சீட்டுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு இறங்குங்கள், எங்கள் வீட்டுக் குல்லா மூன்று அப்படித்தான் போயிருக்கிறது.